பெயரில்லாத டப்பா லேகியம் வேண்டவே வேண்டாம்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. உடம்பு உருவிவிட வரும் அம்மா பிரசவ லேகியம் கொடுத்திருக்கிறார். மாமியார் சாப்பிடு என்கிறார். டாக்டர் நாட்டு மருந்தே கூடாது என்கிறார். பால் கொடுக்கும் நான் யார் பேச்சைக் கேட்பது?”

சமையல் அளவில் பூண்டு, மிளகு, சுக்கு, பெருங்காயம் தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

லேகியம் வேறு விஷயம். அந்த டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் செய்தது என்று எழுதியிருக்கிறதா? மசாஜோடு சேர்த்து ஒரு விலை பேசி, “ஊரில் பாட்டி கிளறியது” என்று தலையில் கட்டுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள். என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டால் ரகசியம் என்பார்கள். பால் கொடுக்கும் தாயிடம் என்ன ரகசியம்? அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். அந்த எழுபதில் 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஈயம் தாய்ப்பாலிலும் இறங்கும். நெய் மினுங்கும் கறுப்பு உருண்டையை முகர்ந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வேண்டுமானால் தேக்கா கடைகளில் சுக்கு, ஓமம், சித்தரத்தை, கருப்பட்டி எல்லாம் தனித்தனியாக வாங்குங்கள். வறுத்து, பொடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் நெய் விட்டு, கையில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுங்கள். சுண்டைக்காய் அளவு போதும். சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு) உண்டா என்று பார்க்கிறார்கள். உண்டு என்று சொல்லியிருந்தாலோ, குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தாலோ, மரமஞ்சள் சேர்ந்த எதையும் நீங்கள் தொடக்கூடாது. சமையல் மஞ்சள் அல்ல, மரமஞ்சள். அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருள் காமாலையை முற்றவைக்கக்கூடும். அந்துருண்டை போட்ட பெட்டியில் வைத்திருந்த துணியையும் அந்தக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

இங்கே சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்கு 2000-இலேயே சட்டம் வந்து, பிறகு பதிவும் வந்துவிட்டது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை. நம் லேகியங்கள் முன் அனுமதி இல்லாமலேயே விற்பனைக்கு வரலாம். நச்சு உலோகத்துக்கு வரம்பு இருக்கிறது, ஆனால் அதை மீறாமல் பார்த்துக்கொள்வது விற்பவர் பொறுப்பாம். டாக்டர்களும் “கூடாது” என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டால், வீட்டில் ஒளித்துவைத்துத்தான் சாப்பிடுவார்கள். அந்த டப்பாவைக் கையோடு கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் அடித்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, எந்த மருந்துக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.