கடைவாய்ப் பல் எடுத்தாச்சு, வாய் திறக்கவில்லையே டாக்டர்!

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். இடது கீழ்க் கடைவாயில் குறுக்கே முளைத்திருந்த ஞானப்பல்லை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. தையல் பிரித்தாகிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. காலையில் எழுந்தால் தாடை பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது. தாடையை அசைக்கக் கூடாது என்று அம்மா கஞ்சியாகவே தருகிறார். நானும் தினமும் ஐஸ் வைக்கிறேன். பல் எடுத்தவர் "தானா சரியாயிடும்" என்கிறார். நரம்பு ஏதும் அறுந்திருக்குமா? எப்போது சரியாகும்? சாப்பிட்டதும் வெற்றிலை சீவல் போடுவது பல வருடப் பழக்கம், மறுபடி எப்போது போடலாம்? பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் நரம்புப் பயத்தை விடுங்கள். அங்கே நரம்பு அடிபட்டால் கீழுதடு, முகவாய் அல்லது நாக்கு ஒரு பக்கம் மரத்துப்போகும். வாய் பூட்டிக்கொள்ளாது. உங்களுக்கு இறுகியிருப்பது தசை.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துப் பாருங்கள், ஒரு தசை உருண்டு திரளும். அதற்கு நேர் உட்புறம், தாடை எலும்பின் மறுபக்கத்தில், இன்னொரு தசை இருக்கிறது. இரண்டும் வாயை மூடும் தசைகள். கீழ் ஞானப்பல் இவற்றின் காலடியில்தான் முளைக்கிறது. பல்லைத் தோண்டி எடுக்கும்போது அங்கே ஏற்படும் புண்ணும் வீக்கமும் இந்தத் தசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மரத்துப்போகப் போடும் ஊசியும் அந்த உள்தசையை ஒட்டித்தான் போகிறது. ஊசி முனை ஒரு சின்ன ரத்தக் குழாயில் பட்டாலே போதும், தசைக்குள் கொஞ்சம் ரத்தம் கட்டும். அதனால் வரும் இறுக்கம் சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். யாரும் தப்பாகச் செய்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. காதுக்கு முன்னால் வலிப்பதற்குக் காரணம், தாடை மூட்டு அங்கேதான் இருக்கிறது. வெகுநேரம் வாயைப் பிளந்தபடி படுத்திருந்ததில் அதுவும் நொந்திருக்கும். ராத்திரி முழுக்க அசையாமல் கிடப்பதால் காலையில் இறுக்கம் கூடுதலாக இருக்கும்.

பல் எடுத்தவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொன்னார். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். வாய் ஒரு வாரத்தில் இளக ஆரம்பித்து, பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்குக் கூடுதலாகச் சில நாள் ஆகும். ஆனால் வலிக்குப் பயந்து வாயை அசைக்காமலே வைத்திருந்தால் தசை அந்தச் சுருக்கத்திலேயே பழகிவிடும். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதுதான். அம்மாவின் அக்கறை புரிகிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு அது சரியான யோசனையும்கூட. பத்தாம் நாளுக்குப் பொருந்தாது.

ஐஸை இன்றோடு நிறுத்துங்கள். அது முதல் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், வீக்கம் ஏறாமல் இருக்க வைப்பது. இப்போது வேண்டியது சூடு. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், காதுக்கு முன்னாலிருந்து தாடை முனை வரை 15 நிமிடம் வையுங்கள். ஆற ஆற மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடம் முடிந்த கையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இழுக்கிறது என்று தெரியும் வரை வாயைத் திறந்து ஐந்து எண்ணும் வரை பிடித்து மூடுங்கள். பத்துத் தடவை. அப்புறம் தாடையை இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு வேளை செய்தால் போதும். இழுப்பது இருக்கலாம், சுரீர் என்று குத்தக் கூடாது. கோடை முழுக்க இறக்கியே கிடந்த மதகுப் பலகையை ஆனியில் யாரும் ஒரே இழுப்பில் தூக்குவதில்லை, அசைத்து அசைத்துத்தான் ஏற்றுவார்கள். அப்படித்தான் இதுவும்.

ஐஸ்கிரீம் குச்சிகள் ஒரு கட்டு வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடம் கொடுத்த பிறகு முன்பற்களுக்கு நடுவே எத்தனை குச்சி அடுக்கினால் சரியாக நுழைகிறது என்று பார்த்து, நாட்காட்டியில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மறுநாள் அதே அடுக்கை வைத்து அரை நிமிடம் பிடித்துவிட்டு, இன்னும் ஒன்று செருகப் பாருங்கள். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் அடித்துச் செருக வேண்டாம். இது பயிற்சி, அளவுகோல் இரண்டுக்கும் ஆகும். நாம் போய்ச் சேர வேண்டிய இடம், உங்கள் கையின் நடு மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைவது. பெரியவர்களுக்கு வாய் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை மிச்சமிருந்து, அதைத் தொடரலாம் என்று அவரும் சொன்னால், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்யுங்கள், சுலபமாக இருக்கும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். யாராவது கிராம்பு எண்ணெயைப் பல் எடுத்த குழியில் விடச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், ஆறிவரும் சதையைப் பொசுக்கிவிடும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது போதும்.

கஞ்சியை விட்டு இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று ஏறுங்கள். மெல்லுவதே தாடைக்கு ஒரு பயிற்சி. முறுக்கு, சீடை வேண்டாம், தூள் குழியில் போய் உட்காரும். கரும்பு இந்த வருடம் கூடாது. பல் எடுத்த இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. அபூர்வம்தான், ஆனால் பல் எடுத்து இரண்டு மூன்று வாரத்தில், எல்லாம் சரியாகிவிட்டது என்று கடினமானதைக் கடிக்கும்போது தாடை எலும்பு விரிசல் விட்டவர்கள் உண்டு. சாறாகக் குடியுங்கள்.

இனி சீவல். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பல் எடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு மூன்று விரல் நுழைந்ததா? காரக் குழம்போ ரசமோ பட்டால் வாய் எரிந்ததா? பாக்கில் இருக்கும் சத்து கன்னத்தின் உட்சதையில் நாரை வளர்க்கும். சதை வெளுத்து, விரலால் தடவினால் கயிறு ஓடுகிற மாதிரி பட்டை பட்டையாகத் தட்டுப்படும். வருடக்கணக்கில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கொஞ்சம் கொஞ்சமாக என்பதால் ஆளுக்கே தெரியாது. பல் எடுத்த பிறகுதான் "வாய் திறக்கவில்லையே" என்று கவனிப்பார்கள். அப்படி இருந்தால் எத்தனை ஒத்தடம் கொடுத்தாலும் இரண்டு வாரத்தில் தீராது, அதற்குத் தனி வைத்தியம். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் சீவல்தான்" என்று பலர் ஆறுதல் பட்டுக்கொள்கிறார்கள். புகையிலை இல்லாத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதுதான் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கும் சந்தோஷம்தான். நான் குறை சொல்வது கூடவே மடிக்கும் பாக்கை. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்ளுங்கள், சீவலை வாயில் போட வேண்டாம். எப்போது மறுபடி போடலாம் என்று கேட்டால், போட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. வடிந்த வீக்கம் மறுபடி ஏறுவது, காய்ச்சல், சீழ், குழியிலிருந்து நாற்றத்தோடு விண் விண்ணென்று காதுக்கு ஏறும் வலி, கடிக்கும்போது 'டக்' என்ற சத்தத்தோடு பற்கள் முன்போல் பொருந்தாமல் போவது, இதில் எது வந்தாலும் பல் எடுத்தவரிடம் அன்றே போங்கள். எச்சில் விழுங்க முடியாமல், நாக்குக்கு அடியில் வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதெல்லாம் இல்லாமல், ஒரு வாரம் பயிற்சி செய்தும் குச்சிக் கணக்கு ஏறவில்லை என்றால் வாய், முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். செலவு யோசனையாக இருந்தால் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது பல் எடுப்பதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, குச்சிக் கணக்கு எழுதிய நாட்காட்டித் தாள் மூன்றையும் கொண்டு போங்கள். சீவல் பழக்கத்தை அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.