குமாஸ்தாவின் சிரிப்பு

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக இரவுகளில் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோனி பார்க்கரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘போரிட்ஜ்’, ‘ஓப்பன் ஆல் ஹவர்ஸ்’, ‘தி டூ ரோனீஸ்’ மூன்றும். ஒரு கேள்வி உறுத்துகிறது. புகழின் உச்சியில், 58 வயதில், நடிப்பை விட்டுவிட்டுச் சிற்றூரில் பழம்பொருள் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேஷமில்லாமல் தானாக நின்று நாலு வார்த்தை பேசவே கூசுவார் என்றும் படித்தேன். இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்கோ தற்கொலையே செய்துகொண்டார். உலகத்தைச் சிரிக்க வைக்கிறவர்கள் எல்லோருமே உள்ளுக்குள் அழுகிறவர்கள்தானே? பார்க்கரும் அந்தத் துக்கத்திலிருந்துதான் ஓடினாரா? ஹான்காக் பற்றி ஒரு கட்டுரை எழுதும் எண்ணமும் இருக்கிறது.

பிரிட்டிஷ் நகைச்சுவை முழுக்க இனவாதம் என்கிறார் என் நண்பர். அதையும் சொல்லுங்கள்.

கே., சேலம்

அன்புள்ள கே.,

நண்பர் விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தொடர்களில் இன்று பார்க்கச் சகிக்காத பகுதிகள் உண்டு. ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியிலும் உண்டு. ‘முழுக்க’ என்று சொல்ல முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு வரச்சொல்லுங்கள்.

‘உள்ளுக்குள் அழுகிறவர்கள்.’ இந்த வரியை எங்கே கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் கடிதம் வந்தபோது ஏற்கெனவே அந்தக் கோபத்தில்தான் இருந்தேன். என் சித்தப்பா போன தை மாதம் காலமானார். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. சாயங்காலமானால் நாடகக் குழு. எப்போதும் காமெடி வேஷம். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் சித்தியிடம், “ஊரையே சிரிக்க வெச்சாரு, உள்ளுக்குள்ள என்ன வேதனையோ” என்றார். சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “வேதனையா? ஒரே வரியை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாப்பாரு. தூக்கம் கெட்டது எனக்குத்தான்.”

அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. வசனத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தால் சிரிப்பு வந்தது. சுழி இருந்தால் வரவில்லை. சில வரிகளுக்கு எதிரே ஊர்ப் பெயர் போட்டு, கரூரில் டிக், தாராபுரத்தில் சுழி. கணக்குப் பேரேட்டைச் சரிபார்க்கிற அதே கை. அந்த மனிதரை ‘சோகக் கோமாளி’ ஆக்கிவிட்டால் இந்த உழைப்பு முழுவதும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

இனி உங்கள் ஆள். 1929இல் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். அப்பா எண்ணெய் நிறுவனத்தில் குமாஸ்தா. பார்க்கர் கட்டடக்கலை படிக்கப் போய், பாதியில் விட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் குமாஸ்தா ஆனார். 1948இல் எய்ல்ஸ்பரி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். தொட்டுக்கொள்ள இன்னொருவர்: நடிகர் லெனர்ட் ராசிட்டர், காப்பீட்டு நிறுவனக் குமாஸ்தாவாக இருந்தவர். நகைச்சுவைக்கு வந்தவர்களில் இந்தக் குமாஸ்தா சாதி ஒன்று உண்டு. காகிதத்தை நம்புகிறவர்கள்.

பார்க்கர் காகிதத்தை எவ்வளவு நம்பினார் என்று சொல்கிறேன், கேளுங்கள். 1968இல் டேவிட் ஃப்ராஸ்டின் ஞாயிறு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டிருந்தபோது, பார்க்கரின் ஏஜெண்ட் வழியாக ஜெரால்ட் வைலி என்பவரிடமிருந்து நகைச்சுவைக் காட்சிகள் வர ஆரம்பித்தன. ஆள் யாரென்று தெரியாது, கூச்ச சுபாவி என்று தகவல். காட்சிகள் பிரமாதம். டாம் ஸ்டாப்பார்டா, வேறு யாரேனும் பெரிய நாடகாசிரியரா என்று படப்பிடிப்புக் குழுவே ஊகித்துக்கொண்டிருந்தது. ஒன்றைப் படித்துவிட்டு, இது சரிவராது என்று பார்க்கரே ஒதுக்கியும் இருக்கிறார். டாக்டரின் காத்திருப்பு அறையில் நடக்கும் ஒரு காட்சி, ‘தி டூ ரோனீஸ்’ ஜோடியின் இன்னொரு ரோனியான ரோனி கார்பெட்டுக்கு ரொம்பப் பிடித்து, அதன் உரிமையை வாங்க நினைத்தார். வைலி 3,000 பவுண்டு கேட்டார். அடேயப்பா என்று கார்பெட் பின்வாங்க, வைலி இலவசமாகவே கொடுத்தனுப்பினார். கார்பெட் நன்றிக்கு ஜி.டபிள்யூ. என்று பொறித்த கண்ணாடிக் கோப்பைகள் அனுப்பிவைத்தார். கடைசியில் ஒரு சீன உணவகத்தில் எல்லோரையும் கூட்டி, ஜெரால்ட் வைலி வரப்போகிறார் என்று காத்திருக்க வைத்து, பார்க்கர் எழுந்து நின்றார். “நான்தான்.” முதலில் யாரும் நம்பவில்லை.

எதற்கு இவ்வளவு பாடு? நட்சத்திரம் எழுதியது என்று தெரிந்தால் எல்லோரும் முகத்துக்காகச் சிரிப்பார்கள். எழுத்து தேறுகிறதா என்று அப்போது எப்படித் தெரியும்? தன் பெயரை மறைத்தது இதற்குத்தான். நீங்கள் ‘கூசுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியில் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றி வளைத்துக் கதை சொல்வது கார்பெட். பார்க்கர் வந்தால் ஏதோ ஒரு சங்கத்தின் செய்தித் தொடர்பாளராகவோ அமைச்சராகவோதான் வருவார். ஆனால் கூச்சத்தையும் துக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். எத்தனையோ பேர் கூச்சத்தோடு நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

1976இல் ஒளிபரப்பான அந்த ஹார்டுவேர் கடைக் காட்சியையும் பார்த்திருப்பீர்கள். வைலி பெயரில் எழுதியதுதான். ‘ஃபோர் கேண்டில்ஸ்’ என்று கேட்கிறார் வாடிக்கையாளராக வரும் பார்க்கர். கடைக்காரர் கார்பெட் நாலு மெழுகுவர்த்தியை எடுத்து வைக்கிறார். அவர் கேட்டதோ ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, மண்வாரும் முள்கரண்டிக்குக் கைப்பிடி. எல்லோரும் இந்த உச்சரிப்பு வேடிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு முறை போட்டு, கார்பெட்டின் கால்களைப் பாருங்கள். ‘ஓஸ்’ என்று கேட்டதற்கு என்னென்னவோ கொடுத்துத் தோற்று, வீட்டு வாசல் கதவில் ஒட்டுகிற எழுத்து என்று கடைசியில் புரிந்து, ஏணி ஏறி எழுத்துப் பெட்டியை இறக்கி, கொடுத்து, மறுபடி ஏறி வைத்துவிட்டு இறங்குகிறார். இறங்கிய பிறகு வாடிக்கையாளர் கேட்கிறார்: ‘பீஸ்’ இருக்கிறதா? ‘பி’ எழுத்து என்று நினைத்து மறுபடி ஏணி, மறுபடி பெட்டி. வேண்டியது என்னவோ டப்பாவில் அடைத்த பட்டாணி. அந்த இரண்டாவது ஏணி ஏற்றத்தில்தான் நமக்கு வயிறு வலிக்கிறது. அந்தப் பெட்டி மேல் தட்டில்தான் இருக்கவேண்டும் என்று எழுதும்போதே ஒருவர் யோசித்திருக்கிறார். அழுதுகொண்டே யோசிக்கிற விஷயமா இது?

மற்ற இரண்டு தொடர்களும் அவர் எழுதியவை அல்ல. ‘போரிட்ஜ்’ டிக் கிளெமெண்ட், இயான் லா ஃப்ரெனே எழுதியது. ‘ஓப்பன் ஆல் ஹவர்ஸ்’ ராய் கிளார்க் எழுதியது. மளிகைக் கடைக்காரர் ஆர்க்ரைட்டின் திக்குவாய், கிளென் மெல்வின் என்ற மூத்த நடிகரிடம் இளமையில் மேடைக்காகக் கற்றுக்கொண்டது. வருஷக்கணக்கில் வைத்திருந்து எடுத்துப் பயன்படுத்தினார். ‘போரிட்ஜ்’ தொடக்கத்தில், பார்க்கர் நடிக்கும் கைதி ஃப்ளெட்சருக்குத் தண்டனை வாசிக்கிற நீதிபதியின் குரலும் பார்க்கருடையதே. அதைச் செய்திருக்கக் கூடாது என்று பிற்பாடு வருத்தப்பட்டார். அவர் பட்ட துக்கம் வேண்டுமென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஓய்வு பெற்றார்? சரக்கு தீர்ந்துகொண்டு வருகிறது, உடம்பும் முன்போல் இல்லை என்று தெரிந்துகொண்டார். கார்பெட்டிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். 1987 முடிவில் விலகினார். சிப்பிங் நார்ட்டனில் மனைவியோடு கடை. கடை நஷ்டத்தில்தான் ஓடியது, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால் அட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவருக்குப் பழைய சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது தண்டனையா என்ன? 2002இல் சர்ச்சிலின் பணியாளாக ஒரு படத்தில் வந்து நடித்துக்கொடுத்தார். 2005இல் இறந்தார்.

ஹான்காக்கின் கதை வேறு. 1968இல், 44 வயதில், சிட்னியில் போய் முடிந்தது. மனசு பதறத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1961இல், தன்னை ஹான்காக்காக்கிய எழுத்தாளர்கள் ரே கால்டன், ஆலன் சிம்சன் இருவரையும் விலக்கினார். அதே வருஷம் அவர்கள் எழுதிய ‘தி பிளட் டோனர்’ தொலைக்காட்சிப் பகுதி படமாகும்போது விபத்தில் அடிபட்டிருந்ததால் வசனம் மனப்பாடம் ஆகாமல், திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் படித்தார். கண் போகிற திசையைக் கவனித்தால் தெரியும். அப்படிப் படித்தும் அது இன்றுவரை நிற்கிறது. அந்த எழுத்து அப்பேர்ப்பட்டது. அதை எழுதிய இருவரும் காசநோய் விடுதியில் படுக்கையில் கிடந்தபோது சந்தித்துக்கொண்ட பையன்கள். அழுவதற்குக் காரணம் வேண்டுமென்றால் அவர்களிடம் நிறையவே இருந்தது. ஹான்காக் விலக்கியதும் அடுத்த வருஷமே ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரை எழுத ஆரம்பித்து, எண்பது தாண்டி வாழ்ந்தார்கள்.

ஹான்காக் கட்டுரையைத் தாராளமாக எழுதுங்கள். நல்ல நடை இருக்கிறது உங்களுக்கு. கால்டன், சிம்சன் பெயர்கள் முதல் பத்தியிலேயே வரட்டும். அவர் இறந்த சிட்னி வீட்டில் ஆரம்பித்தீர்களானால் அதற்கு மேல் நான் படிக்கமாட்டேன்.