‘டு எ வைல்ட் ரோஸ்’ கலங்கலாகக் கேட்டால்

பியானோவில் கையும் காலும் ஒன்றாக இறங்கக் கூடாது. சுரம் ஒலித்த மறுகணம்தான் ஒலியை நீட்டிக்கும் பெடலை அழுத்த வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் மக்டவலின் இந்தத் துண்டை உங்கள் மகள் வாசித்தால் எல்லாம் கலங்கிப்போகிறது என்றீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான்: பழைய சுரம் அடங்குவதற்குள் புதியது வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதல் நான்கு பார்களை (தாளக் கட்டங்களை) பெடலே இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தெளிவாக இருந்தால் விரலில் குறை இல்லை. அப்புறம் குதிகாலைத் தரையில் ஊன்றி, கை இறங்கும்போது கால் எழ, ஒலி காதில் விழுந்ததும் கால் இறங்க, மிக மெதுவாக.

இன்னொன்று. 1896-இல் வந்த பத்துத் துண்டுகளில் முதலாவது இது. ‘எளிய கனிவோடு’ என்ற பொருளில்தான் இசைத்தாளின் மேலே மக்டவல் குறித்திருக்கிறார். தலைப்பில் உள்ள காட்டு ரோஜா, பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சியில் அடுக்கிவைத்த ரோஜா இல்லை, வேலியோரம் தானாகப் பூத்தது. மேல் சுரம் மட்டும் பாடட்டும், கீழே உள்ளவை அடங்கியே இருக்கட்டும்.

ஆனால் உங்களுடையது கீபோர்டு என்றால் முதலில் ரிவெர்ப்பை (அது சேர்க்கும் செயற்கை எதிரொலியை) அணைத்துப் பாருங்கள். ஜெயநகர் ஃபிளாட்டில் டைல்ஸ் தரை, திரைச்சீலை இல்லாத ஹால் என்றால் எதிரொலியும் சேரும். ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும்.