சேற்று நிறமும் சுருங்கிய பலூனும்: கைவேலை கேள்வி பதில்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் ஓவிய, கைவேலை வகுப்புகள் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: வகுப்பில் முப்பது பிள்ளைகள். போஸ்டர் கலரைக் கையில் கொடுத்த பத்தாவது நிமிடம் எல்லாத் தாளும் ஒரே சேற்று நிறம். எதை மாற்றுவது?

பதில்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒரே நாளில் மேசைமேல் வைக்காதீர்கள். இரண்டு சேர்ந்தால் புது நிறம் பிறக்கும். மூன்றாவதும் விழுந்தால் பழுப்புதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஆறு வயதுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கலக்கும் ருசி விடாது. ஒரு வகுப்புக்கு இரண்டு நிறமும் கொஞ்சம் வெள்ளையும் போதும். இந்த வாரம் மஞ்சளும் நீலமும், அடுத்த வாரம் மஞ்சளும் சிவப்பும்.

எதில் எதைச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். மஞ்சளை முதலில் எடுத்து, பிரஷ் நுனியில் தொட்ட அளவு நீலத்தை அதில் சேர்த்தால் உடனே பச்சை வரும். நீலத்தில் மஞ்சளை ஊற்ற ஆரம்பித்தால் பாதி டப்பா காலியான பிறகும் அது நீலமாகவே இருக்கும். இன்னொரு புகாரும் அடிக்கடி வரும்: "சிவப்பும் நீலமும் கலந்தேன், ஊதா வரவில்லை." ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்பில் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது, அதனால் பழுப்பு ஊதாதான் கிடைக்கும். ரோஜா சாயல் உள்ள சிவப்பை வாங்குங்கள்.

சேற்றுக்குப் பாதிக் காரணம் கழுவும் தண்ணீர். முப்பது பேர் வகுப்பில் பிரஷ்ஷைக் கழுவும் வேலையையே எடுத்துவிடலாம். நான்கு பேருக்கு ஒரு மேசை, ஒவ்வொரு நிறக் கிண்ணத்துக்கும் அதற்கென்று இரண்டு பிரஷ். எந்தப் பிரஷ் எந்தக் கிண்ணத்தில் பிறந்ததோ அதற்கே திரும்ப வேண்டும் என்பது ஒன்றே விதி. பிரஷ் 10 அல்லது 12 எண்ணில் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய பிரஷ்ஷால் பெரிய இடத்தை நிரப்பப் பார்க்கும் பிள்ளை ஈரத்தின்மேலேயே தேய்த்துக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் நிறமும் கிளம்பி வரும், தாளும் பிய்யும். கறுப்பு டப்பாவைக் கடைசிப் பத்து நிமிடம் வரை அலமாரியிலேயே வையுங்கள்.

கேள்வி: வண்ணம் பட்டதும் தாள் அலை அலையாக வளைகிறது.

பதில்: நகல் எடுக்கும் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளாக இருக்கும். ஈரம் பட்ட இடத்தில் நார்கள் உப்பும், காய்ந்த இடம் அப்படியே நிற்கும், அதனால்தான் வளைவு. 150 ஜி.எஸ்.எம்.மும் அதற்கு மேலும் உள்ள தாளை வாங்குங்கள். ஏற்கெனவே வளைந்ததை, நன்றாகக் காய்ந்த பிறகு, படத்தைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் பெருமளவு நிமிர்ந்துவிடும்.

கேள்வி: வெள்ளைக் கிரேயானால் வரைந்து மேலே வண்ணம் பூசினால் படம் "மாயமாக"த் தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரியவே இல்லை.

பதில்: போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசியிருப்பீர்கள், அது மெழுகையும் மூடிவிடும். இதற்கு வாட்டர் கலர்தான் சரி, அதுவும் தண்ணீராக, ஒரே வீச்சில், திரும்பத் தேய்க்காமல். கிரேயானை அழுத்தி வரையாவிட்டால் தாளின் குழிகளில் மெழுகு இறங்காது, அந்த இடைவெளிகளில் வண்ணம் புகுந்துவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு போடும் பிள்ளைக்குத் தான் எங்கே வரைந்தோம் என்பதே தெரியாது. முதல் முறை வெளிர் மஞ்சள் கொடுங்கள்.

இதே மெழுகின்மேல் வண்ணம் ஒட்ட வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தாள் முழுவதும் பளிச்சென்ற கிரேயான்களை இடைவெளி விடாமல் தேய்த்து, மேலே கறுப்புப் போஸ்டர் கலர் பூசி, காய்ந்ததும் ஐஸ் குச்சியால் சுரண்டிப் படம் வரைவது. கறுப்பு மெழுகில் நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டால், ஒரு சிறு கிண்ணம் வண்ணத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள், பரவிவிடும். பூச்சு தடித்தால் சுரண்டும்போது பாளம் பாளமாக உரியும். மெல்லியதாக இரண்டு முறை பூசுவது நல்லது.

கேள்வி: பலூன்மேல் காகிதம் ஒட்டி உருண்டை செய்தோம். மறுநாள் பாதி உருண்டைகள் உள்ளே குழிந்துவிட்டன, இரண்டில் பூஞ்சை.

பதில்: வெயிலில் வைத்திருந்தால் அதுவே காரணம். சூட்டில் உள்காற்று விரிந்து ஈரக் காகிதத்தை இழுக்கும், இரவுக் குளிரில் பலூன் சுருங்கும்போது ஒட்டியிருக்கும் தாளையும் கூடவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், முடிச்சைத் துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள்.

பூஞ்சை வருவது பசை அதிகமானதால். ஒரு கப் மைதாவுக்கு ஐந்து கப் தண்ணீர்: முதலில் ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதி நான்கு கப்பைக் கொதிக்கவைத்து, அதில் கரைசலை ஊற்றி அடுப்பிலேயே கிளறி, பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். காய்ச்சும் வேலை பெரியவர்களுடையது. செய்தித்தாளைக் கத்தரிக்காமல் 3 செ.மீ. அகலத்தில் கிழியுங்கள், கிழிந்த ஓரம் மெல்லியதாக இருப்பதால் மேடு தெரியாமல் படியும். பசையில் நனைத்ததும் இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து வழித்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் பிடிக்கும்.

முதல் சுற்று செய்தித்தாள், இரண்டாவது வெற்று வெள்ளைத் தாள், மூன்றாவது மறுபடி செய்தித்தாள் என்று மாற்றினால் எங்கே விட்டுப்போனது என்று பிள்ளைக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று போதும். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். கடைசியில் பலூனை டப்பென்று உடைக்காமல் முடிச்சருகே சிறு வெட்டுப் போட்டு மெல்லக் காற்றை இறக்குங்கள். ரப்பர் துண்டுகளை அப்போதே எண்ணிப் பொறுக்கிவிட வேண்டும், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவை தொண்டையில் அடைக்கும் பொருள். ரப்பரோ கோதுமையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கத்தரிக்கோலால் வட்டம் வெட்டினால் பல்பல்லாக வருகிறது.

பதில்: தாள் அசையாமல் நிற்க, கத்தரிக்கோல் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். மாறாக இருக்க வேண்டும்: கட்டைவிரல் மேலே, கத்தரிக்கோல் எப்போதும் நேர் முன்னால், மற்றக் கை தாளைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் வாயை முழுசாக மூடினாலும் பல் விழும். சற்றுத் தடித்த தாளில் பழகட்டும், மெல்லிய தாள் மடிந்துகொள்ளும். இடது கைக்காரராக இருந்தால் இடது கைக் கத்தரிக்கோலையே வாங்குங்கள். வலது கைக் கத்தரிக்கோலில் மேல் அலகு கோட்டை அவர் கண்ணுக்கு மறைத்துவிடும்.