அம்மாவின் வால்வு கசிவும் சிஆர்டி கருவியும்

ஏற்காட்டுச் சகோதரிக்கு வணக்கம். அம்மாவுக்கு, இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் சிஆர்டி கருவி பொருத்தி மூன்று மாதமாகியும் மூச்சிரைப்பு தீரவில்லை, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வின் கசிவும் அப்படியே இருக்கிறது, செலவு வீண்தானா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கசிவு எந்த வகை என்று முதலில் கேளுங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வின் இதழே கெட்டிருந்தால் கருவி அதைச் சரிசெய்யாது. இதயம் விரிந்து இதழ்கள் இழுபட்டதால் வந்த கசிவு என்றால் நம்பிக்கை உண்டு. இதழ்களைத் தாங்கும் தசைகள் முன்பின்னாகச் சுருங்குவதைக் கருவி ஒழுங்குபடுத்துகிறது. சிலருக்குக் கசிவு உடனே குறையும். விரிந்த இதயம் சிறுத்து அதனால் கசிவு குறைய ஆறு மாதம்கூட ஆகலாம்.

அம்மாபேட்டையில் என் அப்பாவுக்கும் இதே கதைதான். நான்காம் மாதத்திலும் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் மறையாது. கருவியைச் சோதித்தபோது நூற்றுக்கு 84 துடிப்புகளையே அது நடத்தியது தெரிந்தது. இடையிடையே வந்த தாறுமாறான துடிப்புகள்தான் காரணம். மாத்திரை மாற்றி அது 97 ஆன பிறகே மாடிப்படி ஏறினார். அம்மாவின் கருவி நூற்றுக்கு எத்தனை துடிப்புகளை நடத்துகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள், இதைப் பலர் கேட்பதே இல்லை.

மருந்தும் கருவியும் சரியாக இருந்தும் கடுமையான கசிவு நீடித்தால், இதழ்களைக் கிளிப்பால் இணைக்கும் சிகிச்சை பற்றிப் பேசுங்கள். 2018இல் வெளியான கோஆப்ட் ஆய்வில், தகுந்த நோயாளிகளுக்கு அது பலன் தந்தது.

தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரவுவரை காத்திருக்காமல் வெளிச்சத்திலேயே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வந்துவிடுங்கள்.