வாசகர் கேள்வி – பதில்: உமரித் தரையில் மரம் நடலாமா?

கேள்வி: தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் பக்கம், அலையாத்தி மரங்களைத் தாண்டினால் உமரிச்செடி மட்டும் படர்ந்த உவர்நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கும் அலையாத்திக் கன்றுகளை நட்டுக் காட்டைப் பெருக்கினால் என்ன?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எண்ணம் நல்லது; இடம்தான் பொருந்தவில்லை. மன்னார் வளைகுடாவில் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றம்) ஒரு மீட்டர் உயர்வதே அரிது என்பதால், அலையாத்திக்கு வேண்டிய அன்றாட ஈரம் கழிமுக ஓரங்களுக்கும் ஓடைக்கரைகளுக்கும் மட்டுமே கிடைக்கிறது. சற்றே மேடான உவர்த்தரையை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருக்குதான் எட்டுகிறது. இடைப்பட்ட நாட்களில் வெயில் நீரை உறிஞ்சிவிட, மண்ணில் தங்கும் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சிவிடுகிறது. சதைப்பற்றான இலைகளில் நீரைத் தேக்கி, உப்பின் கடுமையைத் தணித்துக்கொள்ளும் உமரி அதைத் தாங்கும். அலையாத்திக் கன்று பெரும்பாலும் கருகிவிடும்.

வாய்க்கால் வெட்டிக் கன்றுகளைப் பிழைக்க வைத்தாலும் இழப்பு உண்டு. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை, ஆர்க்டிக் கரைகளிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து தங்கும் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் இந்தச் சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு கணுக்காலிகளையும் தின்றுதான் திரும்பும் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கின்றன. அவற்றுள் கொசு உள்ளானின் எடை சுமார் 30 கிராம்தான். வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காண அவற்றுக்குத் திறந்தவெளி வேண்டும். மரங்கள் அடர்ந்தால் அவை அங்கே இறங்குவதில்லை. வெறுந்தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திக்கும் இதே நிலைதான். வெறுமை என்று நாம் சொல்வது பறவைக்குப் பாதுகாப்பு.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011, 2019 அறிவிக்கைகள் உவர்ச் சதுப்புகளை அலையாத்திக் காடுகளுக்கு இணையாக, மிகுந்த பாதுகாப்புக்குரிய வகையிலேயே சேர்த்துள்ளன. நம் வருவாய்த்துறைக் கணக்கில் ‘தரிசு’ என்று எழுதும் பழக்கம் மட்டும் எளிதில் போவதாக இல்லை. நடுவதற்கு ஒதுக்கும் பணத்தைச் சதுப்பின் ஓரங்களில் நுழையும் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றச் செலவிடலாம் என்பது என் கருத்து. அலையாத்திக்கும் உதவ விரும்பினால், ஆற்றின் நன்னீர் கோடையிலும் கழிமுகம் வரை வந்துசேர வழி தேட வேண்டும். அது கன்று நடுவதைவிடக் கடினமான வேலை.

கேள்வி: கூந்தன்குளத்துக்கு வரும் பூநாரைகள் தூத்துக்குடி உப்பளங்களிலும் தெரிகின்றனவே, ஏன்?
– ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: ஆழமற்ற நீர் எங்கிருந்தாலும் பூநாரை இறங்கும். 1994-இல் சரணாலயமாகி 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கூந்தன்குளம் நன்னீர்க் குளம். அளங்களில் உள்ளதோ காய்ச்சும் உவர்நீர். அங்கே வளரும் ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலிலும் பாசியிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளே பூநாரையின் இளஞ்சிவப்புக்குக் காரணம். குளம் வற்றும் ஆண்டுகளில் அளங்களும் கழிமுகச் சதுப்புகளுமே அதற்கு மாற்றிடம். அளத்து வரப்புகளில் நெடுங்கால் உள்ளான்கள் கூடு கட்டும் கோடையில், படம் எடுப்பதற்காக வரப்புகளின் மேல் நடப்பதைத் தவிர்ப்பது நல்லது.