சுண்டெலி இதயத்தில் சி-கிட் ஒளிர்ந்தால் அது ஸ்டெம் செல்லா?

கேள்வி: வளர்ந்த சுண்டெலியின் இதயத்தை உறையவைத்து எடுத்த சீவல்களில் சி-கிட் என்ற செல் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிபாடி இட்டபோது, ஆங்காங்கே சில செல்கள் பச்சையாக ஒளிர்கின்றன. இவற்றை இதய ஸ்டெம் செல்கள் (புதிய இதயச் செல்களைத் தரக்கூடிய மூலச் செல்கள்) என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து அப்படி எழுதிவிட வேண்டாம்.

முதலில் அந்தப் பச்சை ஒளியையே சோதித்தாக வேண்டும். இதயத் தசைச் செல்களில் சேரும் லிப்போஃபஸ்சின் நிறமியும் சிவப்பணுக்களும் சாயம் எதுவும் இடாமலேயே அந்த அலைநீளத்தில் ஒளிரக்கூடியவை. ஆகவே சாயமே இடாத சீவல் ஒன்றையும், சி-கிட்டைப் பற்றும் முதன்மை ஆன்டிபாடியைத் தவிர்த்த சீவல் ஒன்றையும் அதே நாளில், நுண்ணோக்கியின் அதே அமைப்பில் படமெடுத்து ஒப்பிடுங்கள். ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறதா என்பதை சி-கிட் இயல்பாகவே உள்ள எலும்பு மஜ்ஜைச் செல்களில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளி உண்மையானது என்று உறுதியானாலும், சி-கிட் என்பது மாஸ்ட் செல்களில் (ஒவ்வாமையில் பங்குபெறும் நோயெதிர்ப்புச் செல்கள்) மிகுதியாகவும் இரத்தக்குழாய் உட்படலச் செல்கள் சிலவற்றிலும் காணப்படும் ஏற்பிப் புரதம் என்பதை மறக்கக் கூடாது. அதே சீவலில் சிடி45 (இரத்த வழிச் செல்களின் குறியீட்டுப் புரதம்), சிடி31 (உட்படலச் செல்களின் குறியீட்டுப் புரதம்) ஆகியவற்றுக்கும் வெவ்வேறு நிறச் சாயங்களை இட்டால், இரத்த வழிச் செல்களையும் உட்படலச் செல்களையும் பெரும்பாலும் விலக்கிவிடலாம். மாஸ்ட் செல்களை டொலுடின் நீலம் என்ற சாயம் ஊதா நிறத்தில் காட்டிக்கொடுக்கும்.

எண்ணிக்கை தேவையென்றால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு எண்ணும் முறை) செல்லுங்கள். திசுவைக் கொலாஜினேஸ் நொதி கொண்டு தனிச் செல்களாகப் பிரிப்பது நல்லது. டிரிப்சின் நொதியோ சி-கிட் போன்ற மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும். இறந்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் பற்றிக்கொள்வதால், அவற்றை அடையாளம் காட்டும் சாயத்தை ஒருபோதும் விடாதீர்கள். ஸ்கா-1 என்ற மற்றொரு ஸ்டெம் செல் குறியீட்டுப் புரதத்தையும் சேர்க்க விரும்பினால் எலியின் இனவழியைக் கவனியுங்கள். பால்ப்-சி என்ற ஆய்வக இனவழி எலிகளில் அதன் வெளிப்பாடு குறைவு.

இவ்வளவு செய்தாலும், அந்தச் செல் புதிய தசைச் செல்லாக மாறுமா என்பதற்கு விடை கிடைத்திருக்காது. அதற்கு மரபணு வழித் தடமறிதல் வேண்டும்: கிரீ-லாக்ஸ்-பி எலிகளில் (குறிப்பிட்ட செல்களின் டிஎன்ஏவை மட்டும் வெட்டி மாற்றும் அமைப்பு கொண்டவை) சி-கிட் செல்களுக்கு நிலையான நிறமிட்டு, அவற்றின் வழித்தோன்றல்களைப் பின்தொடர வேண்டும். பெரிய எலியின் இதயத்தில் இத்தகைய ஸ்டெம் செல்கள் உண்டு என்று 2003-இல் அறிவிக்கப்பட்டது பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் சுண்டெலிகளில் நடந்த தடமறிதல் ஆய்வு, இச்செல்கள் உட்படலச் செல்களைத் தாராளமாகவும் தசைச் செல்களை மிக அரிதாகவும் மட்டுமே தருவதாக 2014-இல் காட்டியது. முதல் அறிவிப்போடு தொடர்புடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு 2018-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பரிந்துரைத்தது.

எனவே தடமறிதல் செய்ய வசதியில்லாத நிலையில், படக்குறிப்பில் ‘சி-கிட் உள்ள, சிடி45-உம் சிடி31-உம் இல்லாத செல்கள்’ என்று கண்டதை மட்டும் எழுதுங்கள்.